வலிக்காத கணுக்கால்: பழனிக்கு நடந்துபோன ஒரு காலின் நிகழ்வு ஆய்வு

நான் பிசியோதெரபிஸ்ட். பல்லடம் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக், பதினோரு வருடமாக ஓடுகிறது. இங்கே எழுதப்போகும் நிகழ்வில் நோயாளி என் தாய்மாமன், கோட்டை விட்டவன் நான். எழுதட்டுங்களா மாமா என்று கேட்டதற்கு, "எழுது மாப்ளே, பேரை மட்டும் போட்றாத, பொண்ணு குடுத்த ஊட்டுல படிச்சுப்போட்டு சக்கரையக் கட்டுல வெக்கத் தெரியாதவன்னு பேசுவாங்க" என்றார். அதனால் கடைசி வரைக்கும் அவர் வெறும் மாமாதான்.

வயது 57. பதினைந்து வருடச் சர்க்கரை, கூடவே பிரஷர் மாத்திரை. சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்குக் காடா துணி ஓட்டுகிறார். ஆள் கிடைக்காத காலத்தில் எட்டுத் தறி வைத்திருப்பவரை முதலாளி என்று சொல்வதா தொழிலாளி என்று சொல்வதா தெரியவில்லை, தார் மாற்றுவது, அறுந்த பாவை முடிவது எல்லாம் அவரேதான், சிமெண்ட் தரையில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகமாட்டார். போனால் கூட இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள், எதற்கு வீண் வெசனம் என்பது அவர் கணக்கு.

முன்கதையில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கால் மடங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்னால், சொந்தத்தில் ஒரு காதுகுத்துச் சீரில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்திலிருந்து இட்டேரி வழியாக வீட்டுக்கு வந்தபோது ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டதாம், அது தெரியாமலே வாசல் வரை வந்துவிட்டாராம், அத்தைதான் "இன்னொரு செருப்பு எங்கீங்க" என்று கேட்டதாம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சர்க்கரைக்காரர் ஒருவர் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வருகிறார் என்றால் பாதத்தில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இதைப் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். முன்னால் இலையும் கையில் சோறும் இருந்தபோது அது வெறும் தமாஷாகத்தான் காதில் விழுந்தது.

சரி, நடந்ததற்கு வருவோம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால், தறிக் குடோன் படியில் இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி போன்.

"வலிக்குதுங்களா மாமா?"

"லேசா ஒரு மாதிரி இருக்குது, அவ்வளவுதான்."

"கால ஊனி நாலு அடி நடக்க முடியுதுங்களா?"

"நாலு அடி என்ன மாப்ளே, பழனிக்கே நடக்கறன்."

அந்த நாலு அடிக் கேள்வி நானாகக் கண்டுபிடித்ததல்ல. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஒரு விதி, உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றைக்கும் புழங்குவது. கணுக்கால் மடங்கி வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. கணுவின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில், அடியிலிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் டாக்டர் முன்னாலும் நாலு அடி வைக்க முடியாமல் போனாலோ எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவாக்கில் மேடாக இருக்கும் எலும்பையும், உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் எலும்பு உடைந்திருக்காது. மாமாவை அத்தை அழுத்திப் பார்த்தது, வலிக்கவில்லை என்றார். ஐஸ் வையுங்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள், காலைத் தலையணை மேலே தூக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அந்த விதியை உருவாக்கியவர்களே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்: காலில் உணர்ச்சி குறைந்தவர்களிடம் இதை நம்பக்கூடாது. நியாயம்தானே. நான் கேட்டது எல்லாமே வலியைப் பற்றிய கேள்வி, வலியைச் சொல்ல வேண்டிய நரம்போ எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டது.

இதில் என்னை நானே ரொம்பத் திட்டிக்கொள்வதிலும் அர்த்தமில்லை, ஏனென்றால் கணுக்கால் மடங்கி வருகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு அது சுளுக்குத்தான். பாதம் உள்பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கத் தசைநார் இழுபடும், அதிலும் முன்பக்கம் இருக்கிற மெல்லிசான நார்தான் முதலில் கிழியும். உடனே வீங்கும், இரண்டு நாள் கழித்து நீலம் பாய்ந்து விரல் வரை இறங்கும். ரத்தம் கீழே வடிந்து வருவதுதான் அது, அதைப் பார்த்து எலும்பு போச்சு என்று அலறிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. லேசான கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும், பெரியது என்றால் இரண்டு மூன்று மாதம் கூட இழுக்கும். வீக்கம் வடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். நார் கூடினாலும் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நிதானம் உடனே திரும்புவதில்லை, அடுத்த கல்லில் மறுபடி மடங்கும். பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று நான் சொன்னால் கபடிப் பசங்கள் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை மடங்கி வரும்போது சிரிக்கமாட்டார்கள்.

மாமா வீட்டில் ஐஸ் வைக்கவில்லை. அத்தை புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பத்துப் போட்டுவிட்டது. நம் ஊரில் காலம் காலமாகப் போடுவதுதான், உணர்ச்சி உள்ள கால் சூடு தாங்காமல் இழுத்துக்கொள்ளும், பிரச்சினையில்லை. உணர்ச்சி இல்லாத காலில் கொதிக்கக் கொதிக்கப் பத்துப் போட்டால் வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியும். அத்தை ஆற வைத்துப் போட்டதால் அன்றைக்குத் தப்பித்தார். அப்புறம் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் வந்து எண்ணெய் போட்டு நீவினார், ஒரு கட்டும் போட்டார், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்த கட்டு. நாலு நாளில் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

தைப்பூசம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக நடக்கிறவர், தாராபுரம் வழியாகப் பழனிக்கு, செருப்பில்லாமல், பச்சை வேட்டியோடு. "கால் வீங்கித்தான இருக்குது, இந்த வருசம் பஸ்ஸுல போலாமுங்க" என்று அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறது. மூன்று நாள் நடந்தார். வழிநெடுக மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தாராம். மலையேறிவிட்டு அங்கிருந்து எனக்குப் போன் பண்ணினார்.

"முருகன் புண்ணியத்துல வலியே இல்ல மாப்ளே."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அத்தை ஒரு போட்டோ அனுப்பியது. வலது கணு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, முட்டிக்குக் கீழே பாதி வரை சிவந்து, தோல் மினுமினுவென்று. அதற்குள் ஒரு கிளினிக்கில் காட்டி, தோலுக்கடியில் சீழ்க்கிருமி என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் முடித்திருந்தார்கள். குறையவில்லை. அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சர்க்கரை, சிவப்பு, வீக்கம், சூடு என்று நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குடோனில் தறிச் சத்தத்தில் பேச முடியாது, வீட்டுத் திண்ணைக்குக் கூட்டி வந்து கட்டிலில் படுக்க வைத்தேன். எதுவும் கேட்காமல் இரண்டு கையின் புறங்கையையும் இரண்டு கணுவிலும் ஒரே நேரத்தில் வைத்தேன். இடது கால் சாதாரணமாக இருந்தது, தறிக்குப் பக்கத்தில் நின்று வந்த கால் எப்படி இருக்குமோ அப்படி. வலது கால் இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் ஒன்று பையில் கிடந்தது, அதைப் பொருள்களின் சூடு பார்க்கிற முறைக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். இடது 31.4, வலது 35.6. இரண்டு காலுக்கும் இடையே 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இங்கே நாலு.

காய்ச்சல் இல்லை. புண் இல்லை, விரல் இடுக்கில் வெடிப்பு கூட இல்லை, கிருமி உள்ளே போக ஒரு வழி வேண்டுமே. பாதத்தின் மேலே நாடி துள்ளிக்கொண்டிருந்தது. காலைப் பத்து நிமிடம் தூக்கிப் பிடித்தேன், சிவப்பு மங்கிவிட்டது, கிருமித் தொற்றுச் சிவப்பாக இருந்தால் அவ்வளவு சுலபத்தில் போகாது. கணுவை இப்படியும் அப்படியும் திருப்பினேன், மனிதர் என்னிடம் நூல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பத்து கிராம் அழுத்தத்துக்கு வளைகிற நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடத்தில் வைத்தேன். தெரிந்தால் சொல்லுங்க மாமா என்றேன். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். அப்போது ஒன்பதாவது இடத்தில் இருந்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, இருந்தாலும் மற்ற நோய்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யூரிக் அமிலம் ஏறி வருகிற கீல்வாதம் கணுவிலும் வரும், ஆனால் அது ராத்திரியோடு ராத்திரியாக வந்து போர்வை பட்டாலே கத்த வைக்கும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் காய்ச்சலோடு மூட்டை அசைக்கவே விடமாட்டார்கள், அது அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய விஷயம். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்தாலும் ஒரு கால் மட்டும் வீங்கும், அதற்குக் காத்திருக்கவே கூடாது, உறைந்தது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. இரண்டு கணுவும் ஒரே மாதிரி வீங்கினால் காலை விட்டுவிட்டு இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்க வேண்டும், பிரஷருக்குப் போடுகிற அம்லோடிபின் மாத்திரை கூட அப்படி வீங்க வைக்கும். குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாண் அறுந்தால் பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்பார்கள், குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் அசையாது. அந்தத் தசைநாண் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் போடுகிறவர்களுக்கும் அறுவதுண்டு. மாமாவுக்கு அமுக்கினேன், பாதம் அசைந்தது.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இந்த நோயில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே நன்றாகவே இருக்கும், அதுதான் மோசம். கோயம்புத்தூரில் சர்க்கரைப் பாதம் பார்க்கிற சிறப்பு மருத்துவரிடம் மறுநாளே கூட்டிப் போனேன், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கணுவுக்குள் உட்கார்ந்திருக்கிற எலும்பிலும் அதற்கு முன்னால் பாத வளைவைத் தாங்குகிற எலும்புகளிலும் மஜ்ஜை முழுக்க நீர் கோத்திருந்தது, இரண்டு இடத்தில் மயிரிழை விரிசல். மூன்று மாதச் சர்க்கரை சராசரி (ஹெச்பிஏ1சி) 9.4 சதவீதம். நோயின் பெயர் ஷார்கோ பாதம்.

ஷார்கோ ஒரு பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர். சிபிலிஸ் முற்றித் தண்டுவடம் கெட்டவர்களுக்கு மூட்டுகள் நொறுங்குவதை 1868-இல் எழுதி வைத்தார். சர்க்கரையோடு அதை இணைத்துச் சொன்னது 1936-இல்தான். நடப்பது இதுதான்: உணர்ச்சியில்லாத காலில் ஒரு சின்ன அடி படும், சாதாரண ஆள் நொண்டுவார், நொண்டும்போது அந்தக் காலுக்கு ஓய்வு கிடைத்துவிடும். இவர் நொண்டமாட்டார். அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி எடை விழும். ரத்தக் குழாயைச் சுருக்கி விரிக்கிற நரம்பும் கெட்டிருப்பதால் ரத்தம் வெள்ளமாகப் பாயும், அழற்சி ஏறும், எலும்பைக் கரைக்கிற செல்கள் வேகம் எடுக்கும். கரைந்த எலும்பு மேல் இன்னும் நடப்பார். கடைசியில் பாத வளைவு நொறுங்கி உள்ளங்கால் படகின் அடி மாதிரி வெளியே வளைந்துவிடும், அந்த மேட்டில் புண் வரும், புண் ஆறாது, பிறகு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஒருவர் ஞாபகத்துக்கு வருவார், டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்கார மிஷனரி தம்பதியின் பிள்ளை, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கையையும் காலையும் பார்க்க ஆரம்பித்தார். தொழுநோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் சுடுவதும் அடிபடுவதும்தான் விரலைக் கொண்டுபோகிறது என்று காட்டியவர் அவர். உணர்ச்சியில்லாத காலுக்கு உள்ளங்கால் முழுக்க ஒட்டிப் படிகிற மாதிரி மாவுக்கட்டு போட்டு ஆற வைக்கிற முறையைப் பிற்பாடு அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார், அங்கே சர்க்கரைக்காரர்களுக்கும் அது உதவியது. மாமாவுக்குப் போட்டதும் அந்தக் கட்டின் வழிவந்ததுதான்.

கழற்ற முடியாத கட்டு, முட்டிக்குக் கீழே வரை. கழற்றுகிற மாதிரி போட்டால் கழற்றிவிடுவார்கள், அதனால்தான். முதல் கட்டை நாலாம் நாளே மாற்ற வேண்டியிருந்தது, வீக்கம் வடிந்து லொடலொடவென்று ஆகிவிட்டது, அதன் பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. வலது காலை ஊன்றவே கூடாது, வாக்கர் வைத்துத்தான் பாத்ரூம் வரைக்கும். எத்தனை நாளுக்கு என்று மாமா கேட்டார். நாள் இல்லை, மாதம் என்றார் டாக்டர்.

"தறிய ஆரு பாக்கறது?"

டாக்டரிடம் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. சிகிச்சையில் உண்மையான கஷ்டம் இதுதான், பேப்பரில் 'எடை தாங்காமல் வைக்கவும்' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். நாலு தறியை நிறுத்தினார்கள். மீதி நாலை அத்தை ஓட்டியது, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் ராத்திரி மட்டும் வந்தான். மாமா குடோனிலேயே ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நாடா சரியாக ஓடவில்லை என்று கத்திக்கொண்டிருப்பார். இரண்டாம் மாதம் ஒருநாள் கட்டின் அடி தேய்ந்து தரைக்கறை படிந்திருந்ததைப் பார்த்தேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சூடு வித்தியாசம் குறைந்திருக்க வேண்டியது, கூடியிருந்தது. அப்போதுதான் முதல்தடவையாக அத்தை சத்தம் போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு கட்டின் அடி சுத்தமாகவே இருந்தது.

தையில் போட்ட கட்டு ஆடி நோம்பி சமயத்தில் அவிழ்ந்தது, தொடர்ந்து மூன்று தடவை வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்த பிறகு. கெண்டைக்கால் குச்சியாகியிருந்தது. பாத வளைவு கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனால் நொறுங்கவில்லை. கால் அளவெடுத்து எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தோம், அடிப்பாகம் முன்னால் வளைந்து உருள்கிற மாதிரி. ஓட்டம், படி தாண்டிக் குதிப்பது இல்லை. நல்ல கால் ஆறு மாதமாக இரண்டு காலின் பாரத்தையும் சுமந்திருக்கிறது, அதிலும் இதே நோய் வரலாம் என்பதால் அத்தை தினமும் ராத்திரி இரண்டு காலிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறது. புரட்டாசியில் ஒருநாள் ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது, "கண்ணு, எடது காலு சுடுது." ஓடினேன். திண்ணையில் இடது காலை மட்டும் வெயிலில் நீட்டிச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம், அப்புறம் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது.

இப்போது என் கிளினிக்குக் கணுக்கால் என்று போன் வந்தால் கேள்வியின் வரிசை மாறிவிட்டது. முதல் கேள்வி: சர்க்கரை இருக்குதுங்களா, எத்தனை வருடம்? இருக்கிறது என்றால் நாலு அடிக் கேள்வியே கிடையாது, காலை ஊன்றாமல் நேராக வாருங்கள் என்பேன், வலி இல்லை என்றால் இன்னும் சீக்கிரம் வரச் சொல்வேன். சர்க்கரை இல்லாதவர்களுக்குப் பழைய விதியே போதும்: ஊன்ற முடியவில்லை, எலும்பின் மேலேயே வலிக்கிறது, கணு கோணிப்போயிருக்கிறது, விரல் வெளுத்து மரத்துப்போகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வீக்கம், கெண்டைக்கால் வீங்கி இறுகி வலிப்பது, மூச்சு வாங்குவது என்றால் ராத்திரியானாலும் சரி. வெறும் சுளுக்கு என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தாறு நாளில் குறைகிற வழியைக் காணோம் என்றால் காட்டிவிடுங்கள். எந்தச் சுளுக்கையும் முதல் இரண்டு மூன்று நாள் அமுக்கி நீவாதீர்கள், கிழிந்த நாரை இன்னும் கிழிப்பதுதான் அது. நம் பக்கத்தில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு மாமா நடக்கவில்லை. தாராபுரம் ரோட்டில் அவர் குழுவின் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். நானும் ஒரு ராத்திரி இருந்தேன். காப்பியைக் கொடுத்துவிட்டு ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். வீங்கின கணு தெரிந்தால் குனிந்து இரண்டு புறங்கையையும் வைத்துவிடுவார், "ஏனுங்க, சக்கரை இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே. காலைத் தொடுகிறாரே என்று சிலர் பதறிப்போய் நகர்ந்தார்கள்.

அன்றைக்கு மட்டும் மூன்று பேரை என்னிடம் அனுப்பினார். இரண்டு பேருக்குச் சாதாரணச் சுளுக்கு, கட்டுப் போட்டுப் பஸ் ஏற்றிவிட்டோம். மூன்றாவது ஆள் அறுபது வயதிருக்கும், பச்சை வேட்டி, வலது கணு நன்றாகவே வீங்கியிருந்தது. கொஞ்சம் உட்காருங்க என்றேன். வலியே இல்லீங்க தம்பி என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து அந்த உருளுகிற செருப்போடு அவர் பின்னாலேயே போனார்.